வாசகசாலைக்குள் ஓர் எழுத்தாளரின் புத்தகங்களைக் குடியேற்றிய கதை

காலமான எழுத்தாளர் ஒருவரின் புத்தகங்களை ஊரிலுள்ள பழைய கட்டடத்தில் வைக்கப் போகிறோம், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று பக்கத்து ஊர்களிலிருந்து இப்போது என்னிடம் கேட்கிறார்கள். நான் நூலகன் இல்லை. பொதுப்பணித் துறையில் கட்டடப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர் வாசகசாலையைப் பழுது பார்த்தபோது கூடவே நின்றவன் என்ற தகுதியில் எழுதுகிறேன். என் பதில் சுருக்கமானது: கூரையிலிருந்து ஆரம்பியுங்கள், அலமாரியைக் கடைசியில் வாங்குங்கள். நடைமுறையில் எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது.

காவிரிப் பாசனத்து ஊர். வாசகசாலை முகப்பில் சுதையில் 1929 என்று எழுதியிருக்கும். கீழே கூடமும் உள்ளறையும், மேலே ஒரே நீளமான மச்சு. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய கனத்த சுவர்கள், பர்மா தேக்கு உத்திரங்கள், மெட்ராஸ் டெரஸ் கூரை. செய்தித்தாள் படிக்க வருகிறவர்களும் குறைந்து, கடைசியில் தேர்தல் சமயத்தில் நாற்காலி அடுக்கி வைக்கிற இடமாகிப் போயிருந்தது.

எழுத்தாளர் எங்கள் ஊர்க்காரர். பெயர் போட வேண்டாம் என்று அவர் மனைவி கேட்டுக்கொண்டார். ஊரில் அந்த அம்மாவை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவோம். வீட்டில் ஏறக்குறைய 6,000 புத்தகங்கள், சிற்றிதழ்க் கட்டுகள், கடிதங்கள், கையெழுத்துப் படிகள். எழுத்தாளர் காலமான பிறகு ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடந்தன. இந்தக் காத்திருப்புக் காலத்தில்தான் தனிச் சேகரிப்புகள் அழிகின்றன. கோட்டையூர் நூல் சேகரிப்பாளர் ரோஜா முத்தையா 1992-ல் மறைந்தார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிறுவியது 1994-ல். மறைமலையடிகள் 1950-ல் மறைந்தார். அவர் பெயரிலான நூல்நிலையம் 1958-ல் வந்தது. உ.வே.சா. 1942-ல் மறைய, மறு ஆண்டே நூல்நிலையம் அமைந்தது அபூர்வமான அதிர்ஷ்டம். இவையெல்லாம் பிழைத்த சேகரிப்புகள். பிழைக்காதவை பழைய பேப்பர்க் கடைத் தராசில் ஏறிப் போய்விட்டதால் அவற்றுக்கு ஆண்டுக் கணக்கு சொல்ல ஆளில்லை.

வாசகசாலைக் கமிட்டியின் முதல் கூட்டத்திலேயே எல்லோரும் ஒருமனதாக முடிவெடுத்தார்கள்: புத்தகங்கள் மச்சில். காற்று வரும், வெளிச்சம் வரும், வெள்ளம் வந்தாலும் பயமில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. நான் பேனாவை எடுத்தேன். ஒரு புத்தகம் சராசரி 400 கிராம் என்று குறைத்து வைத்தாலும் 6,000 புத்தகம் 2,400 கிலோ. இதழ்க் கட்டுகள், இரும்பு அடுக்குகள் தனி. இந்தியத் தரநிலைப்படி குடியிருப்பு வீட்டுத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்க வேண்டும். நூலகத்தில் அடுக்கு அறை என்றால் 600 கிலோவிலிருந்து ஆரம்பிக்கிறது, அடுக்கு 2.2 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் அதற்கும் மேலே. 1929-ல் அந்த மச்சைக் கட்டியவர்கள் பத்திருபது பேர் பாய் விரித்து உட்கார்ந்து பிரசங்கம் கேட்பதற்குத்தான் கட்டினார்கள்.

தேக்கு உத்திரம் நூறு வருஷம் தாங்கும் என்றார் ஒருவர். உத்திரத்தின் நடுப்பகுதி தாங்கும். சுவருக்குள் சொருகியிருக்கும் முனைதான் பிரச்சினை. கூரைத் தண்ணீர் சுவர் வழியாக இறங்கி அந்த முனையில்தான் தங்கும். வெளியே பார்க்க மரம் கருத்து மின்னும். முனையைச் சுற்றிக் காரையைத் தட்டி எடுத்து, ஒரு திருப்புளியால் குத்திப் பார்த்தால் உண்மை தெரியும். எங்களுக்கு இரண்டு உத்திரங்களில் திருப்புளி கைப்பிடி வரை உள்ளே போனது. அதற்குப் பிறகு மச்சைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆசாரியை வைத்துக் கெட்ட முனைகளை அறுத்து, பழைய வீடு இடித்த மரத்தில் ஒட்டுப் போட்டு, கீழே இரும்புத் தாங்கி கொடுத்தோம். மச்சு படிக்கும் இடம், புத்தகம் கீழே உள்ளறையில் என்று ஆயிற்று.

கூரைக்கு வந்த யோசனைகளில் பாதி கூரையையே கொல்லக்கூடியவை. மேலே நான்கு அங்குலம் கான்கிரீட் போட்டுவிடலாம் என்றார் ஒரு ஒப்பந்ததாரர். அத்தனை எடையையும் அந்தத் தேக்குக் கட்டைகள்தான் சுமக்க வேண்டும். மெட்ராஸ் டெரஸ் என்பது மரக்கட்டைகள் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில் மூலைக்கு மூலை சாய்வாக அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இடித்துப் போட்டு, மேலே தட்டோடு பதித்தது. ஒழுகுவது பெரும்பாலும் மேல் ஓட்டின் இணைப்புகளிலும் கைப்பிடிச் சுவர் சேரும் மூலையிலும்தான். கைப்பிடிச் சுவரில் முளைத்திருந்த அரசங்கன்றுகளை வேரோடு எடுக்க அந்த இடத்துச் செங்கல்லையே பிரித்துக் கட்ட வேண்டியிருந்தது. மேலே வெட்டிவிட்டால் அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். அரசுக்கு வெட்கமே கிடையாது. தட்டோட்டைப் பெயர்த்து, வாட்டம் சரிசெய்து, சுண்ணாம்புக் கலவையில் திரும்பப் பதித்தோம். தண்ணீர் போகும் குழாயின் வாயை அகலமாக்கினோம். இந்தக் கடைசி வேலைக்குச் செலவு சொற்பம், பலன் அதிகம்.

இனி ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம். மச்சு கூடாது என்று கீழே வந்தாயிற்று, ஆனால் கீழேதான் ஈரம். உள்ளறைச் சுவரில் இடுப்பளவுக்கு எண்பதுகளில் யாரோ சிமெண்ட் பூசி, மேலே பச்சை எனாமல் பெயின்ட் அடித்திருந்தார்கள். பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, அதற்கு மேலே சுவர் உப்புப் பூத்து உதிர்ந்தது. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து உறிஞ்சும் ஈரத்தைப் பூச்சு வழியாகவே வெளியே விட்டுவிடும். சிமெண்டால் மூடினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே மேலே ஏறி, மூடாத இடம் எங்கிருக்கிறதோ அங்கே வந்து உடைக்கும். ஆக, ஓதத்தை மறைக்கப் பூசிய சிமெண்ட் ஓதத்தை ஒரு முழம் உயர்த்திவிட்டது.

ஈரம் சுவரிலிருந்து வருகிறதா, காற்றிலிருந்து படிகிறதா என்று தெரியாமல் மருந்து போடக்கூடாது. அதற்குக் காசில்லாத ஒரு சோதனை இருக்கிறது. ஓர் அடி சதுரத்தில் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப்பால் இடைவெளியில்லாமல் ஒட்டி, ஓரிரு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் நீர் கோத்தால் சுவர் ஈரம். வெளிப்புறம் கோத்தால் காற்று ஈரம். எங்களுக்கு உட்புறம் முத்து முத்தாகக் கோத்தது.

காரணம் தெருவில் இருந்தது. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டதில் தெரு உயர்ந்துகொண்டே வந்து, ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வாசகசாலைக்கு இப்போது ஒரு படிதான் மிச்சம். போதாததற்கு, சுவரை ஒட்டி வெளியே சிமெண்ட் தளம் வேறு. மழைத் தண்ணீர் முழுக்கச் சுவரடியில் தேங்கியது. தளத்தை உடைத்து, சுவரோரம் குழி வெட்டி, ஜல்லி நிரப்பி, தண்ணீரை வாய்க்காலுக்குத் திருப்பினோம். உள்ளே சிமெண்டை முழுவதும் கொத்தி எடுத்துவிட்டு, செங்கல் தெரிய ஒரு கோடை முழுக்கச் சும்மா விட்டோம். இந்தச் சும்மா விடுவதுதான் கமிட்டியை வைத்துக்கொண்டு செய்யவே முடியாத வேலை. “என்ன சார், சுவர உரிச்சுப் போட்டுட்டு வேலையே நடக்கலையே” என்று தினமும் ஒருவர் எட்டிப் பார்த்துக் கேட்பார். காய்கிறது என்பேன். நம்பாமல் போவார்.

சுண்ணாம்பு பூசத் தெரிந்த கொத்தனாரைக் கோயில் திருப்பணி நடக்கும் இடத்தில் பிடித்தோம். எழுபதை நெருங்கியவர். சுண்ணாம்பைக் குழியில் வாரக்கணக்கில் ஊற வைத்தார். தனியாகத் தொட்டியில் கடுக்காயும் வெல்லமும் தண்ணீரில் ஊறி நுரைத்தன. அந்தத் தண்ணீரை விட்டுத்தான் கலவை அரைத்தார். அவரோடு வந்த பையன் ஒருநாள், “பெரியப்பா, ரெண்டு கை சிமெண்ட் சேத்துக்கலாமா, சீக்கிரம் இறுகும்” என்று கேட்டான். அவர் நிமிரவே இல்லை. “சீக்கிரம் இறுகறது சீக்கிரம் வெடிக்கும். உனக்கு எங்க போகணும் அவசரமா?” என்றார். கலவையில் கொஞ்சம் சிமெண்ட் சேர்ப்பது ஊரெங்கும் நடக்கிறது. நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் அது. மெல்லிய பூச்சாக, ஒன்று இறுகிய பிறகே அடுத்தது என்று பூசி, ஈரச்சாக்கு கட்டித் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். மேலே வெள்ளைச் சுண்ணாம்பு மட்டும். பிளாஸ்டிக் பெயின்ட் அடிக்கலாம் என்று சொல்ல வந்தவர்களை அவரே பார்த்துக்கொண்டார்.

பூச்சுக்கு முன்பே கரையான் மருந்து. தரையும் சுவரும் சேருமிடத்தில் அடிக்கு ஒரு துளை போட்டு மருந்தை இறக்கினார்கள். புத்தகம் உள்ளே வந்த பிறகு இதைச் செய்ய நினைத்தால் அறையே நாறும், ஆளும் உட்கார முடியாது. மரக்கட்டை வயரிங்கைக் கழற்றிவிட்டுப் புதிதாக இழுத்தோம். குழாய்களைச் சுவரைக் குடையாமல் மேலோட்டமாகவே போட்டோம், பார்க்க அழகில்லைதான். மின்கசிவு ஏற்பட்டால் தானே அணையும் சுவிட்ச், கதவோரம் தீயணைப்பான். இரவில் பூட்டிப் போகும்போது மெயினை அணைப்பது விதி.

இத்தனையும் முடிந்தபோது கையிலிருந்த பணத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. கண்ணில் படுவதற்கு வெள்ளையடித்த சுவர் ஒன்றுதான். டியூப்லைட்டில்கூட வெளிச்சத்தை மறைத்து உபயம் என்று எழுதுகிற நாடு நம்முடையது. வாய்க்கால் வெட்டவும் உத்திர முனைக்கு ஒட்டுப் போடவும் உபயதாரர் கிடைக்க மாட்டார், ஏனென்றால் பெயரை எங்கே எழுதுவது? கண்ணாடிக் கதவு போட்ட தேக்கு அலமாரி வாங்கித் தர மூன்று பேர் போட்டி போட்டார்கள். மார்பளவுச் சிலைக்கு இன்னொருவர். மறுத்தால் கோபம். கடைசியில் முன்கூடத்தில் பெரிய பலகை ஒன்று வைத்து, கூரை, சுவர், வடிகால், வயரிங் என்று ஒவ்வொன்றுக்கும் கொடுத்தவர் பெயரை எழுதினோம். ‘வடிகால் உபயம்’ என்று பெயர் வந்த மளிகைக்கடைக்காரர் தன் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்களைக் கூட்டிவந்து காட்டினார். இதை எல்லா ஊரிலும் செய்யலாம்.

கண்ணாடி அலமாரியை நான் மறுத்ததற்குக் காரணம் உண்டு. நம் ஊர்க் காற்றில் மூடிய கண்ணாடிக்குள் ஈரம் அடைந்து பூஞ்சணம் பிடிக்கும். திறந்த இரும்பு அடுக்கு, அல்லது கம்பிவலைக் கதவு போதும். சுவரிலிருந்து அரை அடி, தரையிலிருந்து அரை அடி விலக்கி வையுங்கள்; கரையான் ஏறினால் கண்ணில் படும், விளக்குமாறும் உள்ளே போகும். புத்தகத்தை நெருக்கித் திணிக்காதீர்கள். முதுகின் நடுவில் பிடித்து எடுக்க இடம் வேண்டும். மேல் நுனியைப் பிடித்து இழுத்து இழுத்துத்தான் பழைய பைண்டிங்குகள் கிழிகின்றன.

கட்டடம் காய்ந்துகொண்டிருந்த காலத்தில் டீச்சரம்மா வீட்டில் வேலை நடந்தது. எழுத்தாளரின் அடுக்குகளை ஒன்றையும் தொடாமல் முதலில் படம் எடுத்தோம். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு எண். முதுகெழுத்து வாசிக்கும்படி நேர்ப்படம். பார்வைக்கு அவர் அலமாரி ஒழுங்கற்றது. பயிர்ப் பூச்சிகள் பற்றிய வேளாண்மைத் துறைக் கையேட்டுக்குப் பக்கத்தில் பெரியபுராணம், அதற்குப் பக்கத்தில் வட்டார வழக்குச் சொல்லகராதி. நூலக விதிப்படி பிரித்தால் மூன்றும் மூன்று மூலைக்குப் போகும். ஆனால் அவருடைய கடைசி நாவலைப் படித்தவர்களுக்கு அந்த மூன்றும் ஏன் ஒரே தட்டில் இருந்தன என்று தெரியும். பொதுநூலகத்தில் பொருள்வாரியாக அடுக்க வேண்டும். ஒருவருடைய சேகரிப்பில் அவர் வைத்திருந்த வரிசையே ஒரு சான்று. அதனால் வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு, தேடுவதற்குக் கணினியில் பட்டியல் போட்டோம். கோஹா என்ற இலவச நூலக மென்பொருள் தமிழில் தேட ஒத்துழைக்கிறது. அதற்கும் ஆளில்லை என்றால் விரிதாளே போதும். அடுக்கு எண், தட்டு எண், வரிசை எண் மூன்றும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கட்டுவதற்குப் பையன்கள் கொண்டுவந்தவை டாஸ்மாக் கடை அட்டைப்பெட்டிகள். சின்னவை, கெட்டியானவை, ஒரு ஆள் தூக்கலாம். தொழில்நுட்ப ரீதியில் குறையே சொல்ல முடியாது. டீச்சரம்மா வாசலிலேயே நின்று பார்த்தார். “அவர் இருந்த வரைக்கும் இந்தப் பெட்டி வீட்டுக்குள்ள வந்ததில்லை, தம்பி. இப்ப புத்தகத்துக்காக வருது” என்று சிரித்தார். பெட்டிகளைத் தட்டி உதறி, கரப்பான் முட்டை இல்லையென்று பார்த்த பிறகே உள்ளே விட்டோம். இடமிருந்து வலமாக எடுத்த வரிசையிலேயே கட்டி, பெட்டிமேல் தட்டு எண்ணை எழுதினோம்.

புத்தகங்களுக்குள் இருந்தவை தனி உலகம். பேருந்துச் சீட்டு, இன்லண்டு கடிதம், மருந்துச் சீட்டின் பின்புறம் நாவலுக்கான குறிப்பு. உதிர்ந்துவிடும் என்று ஒருவர் எல்லாவற்றையும் திரட்டி ஒரே பையில் போடப் போனார். நல்லவேளை டீச்சரம்மா பார்த்துவிட்டார். ஒவ்வொன்றையும் தனி உறையில் போட்டு, எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று பென்சிலால் எழுத வேண்டும். துருப்பிடித்த குண்டூசியை மெதுவாக எடுத்துவிடுங்கள். செய்தித்தாள் நறுக்குகளை அதே பக்கத்தில் விடாதீர்கள், அந்தக் காகிதத்தின் அமிலம் எதிர்ப்பக்கத்தையும் பழுப்பாக்கும். செலோடேப் அறவே கூடாது. சில ஆண்டில் டேப் உதிர்ந்து கறை மட்டும் நிற்கும். வாசகசாலை முத்திரையைத் தலைப்புப் பக்கத்தில் குத்தும் பழக்கத்தையும் நிறுத்தினோம். அங்கேதான் மற்ற எழுத்தாளர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எண்ணைப் பின்னட்டையின் உட்புறம் பென்சிலில் எழுதினால் போதும்.

ஒரே நாவல் மூன்று பதிப்புகள் இருக்கின்றன, இரண்டைக் கழித்துவிடலாம் என்று பேச்சு வந்தது. பிரித்துப் பார்த்தால் மூன்றிலும் வெவ்வேறு திருத்தங்கள். கழிப்பதை முதல் ஆண்டில் யோசிக்கவே வேண்டாம்.

ராமபாணப் பூச்சியும் புத்தகப் புழுவும் அந்த வீட்டிலிருந்து புதுச் சுவருக்குக் குடிவந்துவிடக் கூடாது. அந்துருண்டை வாசம் மனிதனைத்தான் விரட்டுகிறது. நாங்கள் பழைய ஐஸ்கிரீம் பெட்டி ஒன்று வாங்கினோம், மேலே திறக்கும் டீப் ஃப்ரீசர். துளை விழுந்த புத்தகங்களைப் பாலித்தீன் பையில் போட்டு, காற்றைப் பிழிந்து, ஒட்டி மூடி, பூஜ்யத்துக்குக் கீழே 18 முதல் 20 டிகிரியில் இரண்டு வாரம். புழு, முட்டை இரண்டும் சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வர ஒரு முழு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் புத்தகத்தின் மேலேயே நீர் கோக்கும். ஈரமான புத்தகத்துக்கும் பழைய புகைப்படங்களுக்கும் இந்த வைத்தியம் வேண்டாம்.

ஒப்பந்தத்தைப் பற்றி யாரும் பேச விரும்ப மாட்டார்கள், நெருங்கியவர்களுக்குள் எதற்குப் பத்திரம் என்பார்கள். எழுதிவிடுங்கள். புத்தகம் கொடையா, இரவலா? வாசகசாலை ஒருநாள் மூடப்பட்டால் சேகரிப்பு யாருக்குப் போகும்? கடிதங்களில் இன்னொரு சிக்கல்: காகிதம் பெற்றவருக்குச் சொந்தம், ஆனால் எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும், அவர் மறைந்தபின் வாரிசுகளுக்கும் உரியது. அதனால் மற்றவர்கள் இவருக்கு எழுதிய கடிதங்களை நாங்கள் இணையத்தில் ஏற்றவில்லை. அவற்றில் சில இன்றும் உயிரோடிருப்பவர்களைத் திட்டுகின்றன என்பது வேறு விஷயம்.

இரவல் கொடுப்பதா என்று பெரிய சண்டை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுந்து, 1931-ல் நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் சொன்ன முதல் விதியே ‘நூல்கள் பயன்படுத்தவே’ என்பதுதான், நம்ம சீர்காழிக்காரர் சொன்னதை நாமே மீறலாமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. கடையில் இன்றும் கிடைக்கும் நூல்களுக்குப் புதுப் பிரதி வாங்கி இரவல் பிரிவு தொடங்கினோம்; எழுத்தாளரின் பிரதியை மச்சில் உட்கார்ந்து படிக்கலாம், பென்சிலோடு மட்டும். தலைமையாசிரியர் அரைமனதோடு ஒப்புக்கொண்டார். இப்போது தினமும் முதலில் வருகிறவர் அவர்தான்.

ஏசி போடவில்லை. பகலில் ஓடி இரவில் அணைகிற ஏசி, ஈரத்தை ஏற்றி இறக்கிப் புத்தகத்தைத்தான் கெடுக்கும். இரவு பகலாக ஓட்ட எங்களிடம் வசதியில்லை. ஈரமானி ஒன்று மாட்டியிருக்கிறோம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சணம் வரும் என்று கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் அதைத் தாண்டத்தான் செய்கிறது. மழை நேரத்தில் சன்னலைச் சாத்தி மின்விசிறியை ஓட விடுகிறோம், காய்ந்த மத்தியானங்களில் எல்லாவற்றையும் திறக்கிறோம், வாரம் ஒருமுறை ஒரு வரிசையை எடுத்துத் துடைக்கிறோம். ஆவணி முடிவதற்குள் மொட்டைமாடி வடிகாலைச் சுத்தம் செய்தாக வேண்டும். கிழக்குப் பக்கத்துப் பின்சுவரில் முழ உயரத்துக்கு ஓதம் இன்னும் நிற்கிறது. அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி அந்தச் சுவரை ஒட்டியே இருக்கிறது, பேசிக்கொண்டிருக்கிறோம். அதுவரை அந்தப் பக்கம் அடுக்கு வைப்பதில்லை என்று நாற்காலிகளைப் போட்டிருக்கிறோம்.